பூவைப் பார்க்கும் முன் தொட்டிக்குள் பாருங்கள்: ஆர்க்கிட் வாங்குவோர் கேட்கும் கேள்விகள்

ஆசையாக வாங்கிய ஆர்க்கிட் சில மாதங்களிலேயே போய்விட்டது என்று வருத்தப்படுபவர்கள் நிறையப் பேர். பல நேரங்களில் அந்தச் செடி கடையில் இருந்தபோதே உள்ளுக்குள் கெட்டுப்போயிருக்கும், வெளியே மட்டும் தெரிந்திருக்காது. தொட்டிக்குள் வேரைச் சுற்றியிருக்கும் கலவையைப் பார்க்கத் தெரிந்தால் இந்த ஏமாற்றத்தைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். அதற்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். தொட்டியில் அதிகம் விற்கப்படுவது ஃபலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் வகை என்பதால் பதில்களிலும் அதுதான் அதிகம் வரும். மற்ற வகைகளுக்குப் பின்னால் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

பூ அழகாக இருக்கிறது, இலையும் பச்சையாக இருக்கிறது. அப்புறம் ஏன் தொட்டிக்குள் பார்க்க வேண்டும்?

பூவும் இலையும் செடி இதுவரை எப்படி இருந்தது என்பதைத்தான் காட்டும். ஃபலனாப்சிஸில் பூங்காம்பு எட்டிப் பார்த்ததிலிருந்து முதல் பூ விரிய மாதக்கணக்கில் ஆகும். அதற்கு வேண்டிய நீரையும் உணவையும் தடித்த இலைகள் முன்பே சேர்த்து வைத்திருக்கும். வேர் பெரும்பாலும் அழுகிய பிறகும் அந்தச் சேமிப்பைக் கொண்டே செடி பல வாரம் பூத்து நிற்கும். வாங்குபவர் கண்ணுக்கு அது அருமையான செடி. வீட்டுக்கு வந்து பூ உதிர்ந்ததும் இலை தளரும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து நாம் இன்னும் ஊற்றுவோம். மிச்சமிருந்த வேரும் போய்விடும்.

செடி இனிமேல் எப்படி இருக்கும் என்பதை வேர்தான் சொல்லும். அந்த வேரின் நிலையோ அதைச் சுற்றியுள்ள கலவையைப் பொறுத்தது. இரண்டு செடியில் ஒன்றை எடுக்க வேண்டும் என்றால், பூ நான்கு குறைவாக இருந்தாலும் கலவை நன்றாக உள்ளதையே எடுக்கச் சொல்வேன். நல்ல வேர் இருந்தால் பூ மறுபடியும் வரும்.

தொட்டிக்குள் மண்ணையே காணோமே?

இருக்கக் கூடாது. ஃபலனாப்சிஸ், கேட்லியா, வாண்டா, பெரும்பாலான டென்ட்ரோபியம் எல்லாம் காட்டில் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வளர்பவை. மரத்திலிருந்து உணவு எதையும் உறிஞ்சுவதில்லை, பிடித்துக்கொள்ள மட்டுமே அதைப் பயன்படுத்துகின்றன. மழை பெய்யும்போது வேர் நனையும், சற்று நேரத்தில் காற்று பட்டுக் காயும். நனைவதும் காய்வதும் மாறி மாறி நடக்கும் இந்த வாழ்க்கைக்குத்தான் அந்த வேர் பழகியது.

அந்த வேரின் மேலே வெலாமன் என்று ஒரு தடித்த உறை உண்டு. வளர்ந்து இறந்துபோன வெற்றுச் செல்களால் ஆனது. தண்ணீர் பட்டதும் நொடிகளில் உறிஞ்சி நிரம்பிக்கொள்ளும், பிறகு மெதுவாக உள்ளே இருக்கும் வேருக்குத் தரும். அப்படி நிரம்பியே நாட்கணக்கில் கிடந்தால் உள்ளே உயிரோடு இருக்கும் வேர்ப்பகுதிக்குக் காற்று கிடைக்காது, மூச்சு முட்டி அழுகிவிடும். ஆகவே ஆர்க்கிட் கலவைக்கு இரண்டு வேலை: கொஞ்சம் ஈரம் வைத்திருக்க வேண்டும், நிறையக் காற்று விட வேண்டும். பைன் அல்லது ஃபிர் மரப்பட்டைத் துண்டு, ஸ்பாக்னம் பாசி, தேங்காய் மட்டைத் துண்டு, அடுப்புக்கரி, பெர்லைட், சுட்ட களிமண் உருண்டை ஆகியவை இதற்காகத்தான் பயன்படுகின்றன. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆஸ்முண்டா என்ற பெரணியின் வேர்நார் பரவலாக இருந்தது. அது கிடைப்பது அரிதாகி விலையும் ஏறியபோது மரப்பட்டை அந்த இடத்தைப் பிடித்தது.

கடையில் நின்றுகொண்டு எதை முதலில் பார்ப்பது?

முதலில் தொட்டியைத் தூக்குங்கள். ஒரே அளவுள்ள நாலைந்து தொட்டியை ஒவ்வொன்றாகத் தூக்கினால் எடை வித்தியாசம் கைக்கே தெரியும். கனமாக இருப்பது ஈரமானது, லேசாக இருப்பது காய்ந்தது. காய்ந்திருப்பது குறை ஆகாது. ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிகவும் கனமாக இருந்தால் அதில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று கவனியுங்கள்.

பிறகு செடியின் அடிப்பகுதியை, கீழ் இலைகள் தண்டோடு சேரும் இடத்தை, இரண்டு விரலால் பிடித்து மிக மெதுவாக அசைத்துப் பாருங்கள். நல்ல வேருள்ள செடி கலவையோடும் தொட்டியோடும் சேர்ந்தே அசையும். செடி மட்டும் தனியாக ஆடினால் உள்ளே பிடிமானம் இல்லை. வேர் அழுகியிருக்கலாம், அல்லது அண்மையில்தான் தொட்டி மாற்றியிருக்கலாம். எது என்று கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள். இப்போதுதான் மாற்றியது என்றால் கலவை புதிதாக, தெளிவாக, மணமாக இருக்கும். பழைய கலவையில் செடி ஆடினால் வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

மூன்றாவது, மூக்கு. தொட்டியை முகத்தருகே கொண்டு வந்து முகர்ந்து பாருங்கள். இதற்குக் கூச்சப்பட வேண்டாம். நல்ல பட்டையில் மரவாசனை வரும், பாசியில் மழைக்குப் பிந்தைய காட்டு வாசனை வரும். புளித்த வாடையோ சாக்கடை வாடையோ அடித்தால் உள்ளே காற்றில்லாமல் அழுகல் நடக்கிறது. இந்த ஒரு சோதனையில் தோற்ற செடியை எவ்வளவு அழகான பூவுக்காகவும் நான் வாங்க மாட்டேன்.

கடைசியாக, தொட்டி கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்காக இருந்தால் சுற்றிலும் திருப்பிப் பாருங்கள். ஃபலனாப்சிஸை அப்படிப்பட்ட தொட்டியில் வளர்ப்பதில் நமக்குள்ள பெரிய வசதி இதுதான், வேரை நேராகவே பார்க்கலாம். தொட்டி ஒளி புகாததாக இருந்தால் அடியிலுள்ள துளைகள் வழியே பார்க்கலாம்.

பட்டைத் துண்டுகள் நல்ல நிலையில் இருக்கின்றனவா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு துண்டை எடுத்து விரல்களுக்கு நடுவே அழுத்திப் பாருங்கள். நல்ல பட்டை கெட்டியாக இருக்கும், விளிம்பு கூராக இருக்கும். பழைய பட்டை நசுங்கும், பொடியாகும், கையில் காப்பித்தூள் போல ஒட்டும். மேலே இரண்டு துண்டு நன்றாக இருப்பதைக் கொண்டு முடிவு செய்துவிட வேண்டாம். பட்டை உள்ளேயும் அடியிலும்தான் முதலில் மட்கும். மட்கிய தூள் கீழே இறங்கித் துண்டுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை அடைத்துவிடும். ஆகவே தொட்டியின் அடியிலுள்ள துளையைப் பாருங்கள். அங்கே தனித்தனித் துண்டு தெரிந்தால் நல்லது. கருப்பான சேறு தெரிந்தால் பட்டையின் காலம் முடிந்துவிட்டது.

பட்டை பொதுவாக இரண்டு ஆண்டு போல நிற்கும். வெப்பமும் ஈரமும் அதிகமானால் அதற்கு முன்பே மட்கும். மட்கும்போது இன்னொரு கெடுதலும் உண்டு: பட்டையைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் செடிக்குக் கிடைக்க வேண்டிய நைட்ரஜனைத் தாங்களே எடுத்துக்கொள்ளும். உரம் போட்டும் இலை வெளிறிக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கலவையின் மட்டத்தையும் பாருங்கள். தொட்டி விளிம்பிலிருந்து கலவை நன்றாகக் கீழே இறங்கி, தண்டின் அடிப்பகுதி வெறுமையாகத் தெரிந்தால் பட்டை மட்கிச் சுருங்கியிருக்கலாம். இதற்கு நேர்மாறாக, கீழ் இலைகளின் அடிப்பாகம் கலவைக்குள் புதைந்திருந்தால் அங்கே ஈரம் நின்று தண்டு அழுகும் அபாயம் உண்டு.

பாசியில் வைத்த செடியை வாங்கலாமா? பாசி என்றாலே அழுகும் என்கிறார்களே.

தாராளமாக வாங்கலாம். ஸ்பாக்னம் பாசி தன் காய்ந்த எடையைப்போல இருபது மடங்கு வரை தண்ணீர் பிடிக்கும். அதன் பலமும் அதுதான், ஆபத்தும் அதுதான். நர்சரியில் வெப்பம், காற்று, தண்ணீர் மூன்றையும் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதால் பாசியை இறுக்கி அடைத்தாலும் செடி நன்றாக வளர்கிறது. பயணத்தில் ஆடாமல் இருப்பதற்கும் அந்த இறுக்கம் உதவுகிறது. அதே செடி விற்பனைக் கடைக்கு வந்து, யாரோ தினமும் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் நடுப்பகுதி காயவே காயாது. ஆகவே பாசியா பட்டையா என்பதைவிட, செடி கடைக்கு வந்து எவ்வளவு நாளாகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. லாரியிலிருந்து இறங்கி ஓரிரு நாள் ஆன செடியும் ஒரு மாதமாக அலமாரியில் இருந்த செடியும் ஒன்றல்ல.

பாசியின் நிறமும் தொடும்போது தெரியும் தன்மையும் பேசும். வெளிர் மஞ்சளாக, பொன்னிறமாக, அழுத்தினால் மீண்டும் எழும்புவதாக இருந்தால் நல்லது. கரும்பழுப்பாகி, குழகுழவென்று, இழை தெரியாமல் கூழாகியிருந்தால் பழையது. பழைய பாசியில் அமிலத்தன்மை ஏறும், உர உப்பும் சேர்ந்திருக்கும். மேற்பரப்பில் கொஞ்சம் பச்சை படிந்திருப்பது ஆல்கா என்ற வெறும் நீர்ப்பாசி, அதற்குப் பயப்பட வேண்டாம். அங்கே ஈரமும் வெளிச்சமும் எப்போதும் இருக்கின்றன என்று மட்டும் அது சொல்கிறது.

நேர் எதிராக, பாசி எலும்பாகக் காய்ந்து தொட்டிச் சுவரிலிருந்து விலகி நிற்பதும் உண்டு. அப்போது மேலே ஊற்றும் தண்ணீர் சுவரோரமாக வழிந்து வெளியே போய்விடும், நடுவில் இறங்காது. வேர் கெட்டியாக இருந்தால் இந்தச் செடியை வாங்கலாம். வீட்டில் ஒரு பாத்திரத் தண்ணீரில் தொட்டியைச் சற்று நேரம் நிறுத்தி வைத்து எடுத்தால் பாசி மறுபடி நனைந்துவிடும்.

காய்ந்த ஸ்பாக்னத்தைக் கையாளும்போது கையுறை போடுங்கள், தூசியை மூச்சில் இழுக்காதீர்கள். ஸ்போரோத்ரிக்ஸ் என்ற பூஞ்சை அதில் இருக்கக்கூடும். கையில் கீறல் இருந்தால் அதன் வழியே தோலில் புண் உண்டாக்கும். 1988இல் அமெரிக்காவில் மரநாற்றுகளைச் சுற்றி அனுப்பிய ஸ்பாக்னம் மூலமாக இந்த நோய் பல மாநிலங்களில் பரவியது.

பட்டைக்கு நடுவே பாசி உருண்டை ஒன்று இருக்கிறதாமே?

ஆம், மேலே பார்த்தால் தெரியாத மிக முக்கியமான விஷயம் இது. ஆர்க்கிட் விதையில் சேமித்த உணவு கிட்டத்தட்ட இல்லை. இயற்கையில் ஒரு பூஞ்சையின் உதவியோடுதான் முளைக்கும். 1922இல் லூயிஸ் நட்சன் என்ற அமெரிக்கத் தாவர அறிஞர் சர்க்கரையும் தாது உப்புகளும் சேர்த்த அகார் என்ற கடற்பாசிக் கூழில் பூஞ்சை இல்லாமலே விதையை முளைக்க வைக்கலாம் என்று காட்டினார். 1960இல் பிரான்ஸின் ஜார்ஜ் மோரெல், சிம்பிடியம் என்ற ஆர்க்கிட்டின் நுனித் திசுவிலிருந்து ஒரே மாதிரியான செடிகளைப் பெருக்கும் வழியைச் சொன்னார். இன்று லட்சக்கணக்கில் விற்கும் ஃபலனாப்சிஸ் இப்படிக் குடுவையில் பிறந்து வருபவைதான். குடுவையிலிருந்து வெளியே வரும் குட்டி நாற்றைச் சிறு குழியில் பாசி, தென்னை நார், கோகோபீட் அல்லது பஞ்சு போன்ற நுரைக்கட்டியில் வைப்பார்கள். வளர்ந்ததும் அந்தக் கட்டியோடு அப்படியே பெரிய தொட்டியில் வைத்துச் சுற்றிலும் பட்டையை நிரப்புவார்கள்.

விளைவு என்னவென்றால், சுற்றியுள்ள பட்டை இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும், நடுக்கட்டி வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். அந்தக் கட்டி தண்டின் அடிக்கு நேர் கீழே இருப்பதால் அழுகலும் அங்கிருந்துதான் தொடங்கும். தொட்டிச் சுவரில் தெரியும் வேரெல்லாம் பச்சையாக இருந்தும் செடி திடீரென்று சரிவது இதனால்தான்.

கடையில் சோதிக்க, தண்டின் அருகே இருக்கும் இரண்டு மூன்று பட்டைத் துண்டை ஒதுக்கி விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். மெல்லிய மூங்கில் குச்சி இருந்தால் வேரில் குத்தாமல் சுவரோரமாக ஒன்று, நடுவருகே ஒன்று என்று செருகி ஒரு நிமிடம் கழித்து எடுங்கள். இரண்டும் சற்றே ஈரமாக இருந்தால் சரி. ஒன்று காய்ந்தும் நடுவிலிருந்து எடுத்தது கருத்து நனைந்தும் வந்தால் நடுக்கட்டி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். இதைச் செய்வதற்கு முன் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நடுக்கட்டி இருப்பதால் மட்டும் செடியை ஒதுக்க வேண்டாம், ஏனென்றால் அது இல்லாத செடியே கிடைக்காமல் போகலாம். கட்டி நாறாமல், தண்டின் அடி கெட்டியாக, கருப்புப் புள்ளி இல்லாமல் இருந்தால் போதும்.

வேர் பச்சையாக இருக்க வேண்டுமா, வெள்ளையாக இருக்க வேண்டுமா?

இரண்டும் சரிதான். நனைந்த வேர் பச்சை, காய்ந்த வேர் வெள்ளி நிறம். ஒளி படாத நடுப்பகுதி வேர் வெளிர் மஞ்சளாக இருக்கும், பட்டையின் சாயம் இறங்கிப் பழுப்பாகவும் தெரியும். நிறத்தை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லாதீர்கள், கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். தொட்டால் விறைப்பாக இருக்கும் வேர் பழுப்பாக இருந்தாலும் உயிருள்ளது. அழுத்தினால் தண்ணீர் கசிந்து, மேல் உறை உருவிக்கொண்டு, நடுவே நூல் போன்ற இழை மட்டும் நின்றால் அந்த வேர் போய்விட்டது. தட்டையாக, காகிதம் போல் இருப்பதும் இறந்த வேரே, அது காய்ந்து இறந்தது.

ஒன்றிரண்டு வேர் இறந்திருப்பது எல்லாச் செடியிலும் உண்டு. பாதிக்கு மேல் போயிருந்தால் வேண்டாம். நான் தேடுவது வேர்நுனியைத்தான்: பளபளவென்று பச்சையாகவோ செம்பழுப்பாகவோ ஒரு நுனி வளர்ந்துகொண்டிருந்தால், அந்தச் செடிக்கு அந்தக் கலவை இப்போது பிடித்திருக்கிறது. இதைவிட நல்ல அறிகுறி வேறு இல்லை.

தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காற்று வேர்கள் குறை ஆகாது. மரத்தில் வாழும் செடிக்கு அது இயல்பு. ஆனால் வெளியே மட்டும் புது வேர், உள்ளே எல்லாம் அழுகல் என்று இருந்தால், கெட்ட கலவையிலிருந்து செடி வெளியே தப்பிக்கப் பார்க்கிறது.

கலவை ஈரமாக இருக்கிறது, ஆனால் இலை தொய்ந்து சுருங்கியிருக்கிறது. தண்ணீர் ஊற்றினால் சரியாகுமா?

ஆகாது. இந்தச் சேர்க்கையைக் கண்டால் நகர்ந்துவிடுங்கள். கலவையில் தண்ணீர் இருந்தும் இலைக்குப் போய்ச் சேரவில்லை என்றால் கொண்டு செல்ல வேர் இல்லை. கலவை காய்ந்து இலையும் சற்றுத் தளர்ந்திருப்பது வேறு விஷயம். வேர் வெள்ளி நிறத்தில் கெட்டியாக இருந்தால், தண்ணீர் கொடுத்த பிறகு இலை மெதுவாகத் தேறிவிடும். இரண்டு செடியின் இலையும் ஒரே மாதிரி தெரியும். கலவையைத் தொட்டுப் பார்க்காமல் பிரித்தறிய வழியில்லை.

கலவை மேல் வெள்ளையாக ஏதோ இருக்கிறது. வாங்கலாமா?

எந்த வெள்ளை என்பதைப் பொறுத்தது. தொட்டி விளிம்பிலும் பட்டை மேலும் சொரசொரப்பாகப் படிந்திருப்பது உப்பு. உரத்திலிருந்தும் கடின நீரிலிருந்தும் வருகிறது. லேசாக இருந்தால் நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி வடியவிட்டால் கரைந்து போகும். அதோடு வேர்நுனிகள் கருகியிருந்தால் நீண்ட நாளாகச் சேர்ந்த உப்பு. பட்டைக்கு உள்ளே மாவு தூவியதுபோல் பரவியிருப்பது ஒரு பூஞ்சை. வேரைத் தின்பதில்லை, ஆனால் அது படர்ந்த பட்டை தண்ணீரை ஒட்டவிடாது. பட்டை மட்கிவிட்டது என்பதற்கும் அது அடையாளம். பஞ்சு பஞ்சாக, இலைக் கக்கத்திலும் தண்டின் அடியிலும் வேர் மேலும் இருப்பது மாவுப்பூச்சி. அந்தத் தொட்டியை மட்டும் விடாமல் அதன் பக்கத்தில் இருப்பவற்றையும் விட்டுவிடுங்கள். வெள்ளை மணிகளாக, நொறுங்குவதாக இருப்பது பெர்லைட், அது கலவையின் பகுதி. மஞ்சள், பச்சை, பழுப்பில் ஒரே அளவான உருண்டைகள் மேலே கிடந்தால் பூச்சி முட்டை என்று பயப்படாதீர்கள், பெரும்பாலும் மெதுவாகக் கரையும் உரம்.

தொட்டியைத் தூக்கியதும் குட்டிக் குட்டிக் கருப்புக் கொசு பறக்கிறது.

பூஞ்சைக் கொசு. அதன் புழு ஈரமான, மட்கும் பொருளில் வளரும். கொசுவைவிட அது வசிக்கும் இடம்தான் கவலை: கலவை பழையது, காயவும் இல்லை. தண்ணீர் ஊற்றும்போது துள்ளும் மிகச் சிறிய பூச்சிகள் ஸ்பிரிங்டெய்ல், செடிக்குத் தொல்லை தருவதில்லை. தட்டையான ஓடுள்ள பொடி நத்தைகள் இருந்தால் வாங்க வேண்டாம், புது வேர்நுனியைக் கடித்துவிடும், ஒழிப்பதும் பெரும்பாடு.

ஃபலனாப்சிஸ் அல்லாத வகைகளுக்கும் இதே சோதனைதானா?

அடிப்படை ஒன்று, கண்ணில் படுவது வேறு.

வாண்டாவுக்குக் கலவையே வேண்டாம். மரக்கூடையில் வேர் காற்றில் தொங்கும். வேர்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், உடனே பச்சையானால் உயிருள்ளது. வாண்டாவைச் சாதாரணத் தொட்டியில் கலவை அடைத்து விற்றால் உள்ளே என்ன நிலை என்று சந்தேகப்படுங்கள்.

டென்ட்ரோபியம் சிறிய தொட்டியில் நெருக்கமாக இருப்பதையே விரும்பும். உயரமான தண்டுகளால் தலைக்கனமாகி ஆடும், ஆகவே தண்டை ஆட்டிப் பார்க்காமல் அடியைப் பிடித்துப் பாருங்கள். பெரிய தொட்டியில் சின்ன டென்ட்ரோபியம் இருந்தால் காயாத கலவைதான் மிஞ்சும். கரித்துண்டும் செங்கல் துண்டும் நிரப்பிய தொட்டி என்றால் மட்கும் பயம் இல்லை, உப்புப் படிவை மட்டும் பாருங்கள். கேட்லியாவில் புதிதாக வரும் தளிரின் அடியிலிருந்து புது வேர் இறங்குகிறதா என்று தேடுங்கள். ஆன்சிடியத்தின் வேர் இயல்பிலேயே மெல்லியது, கலவையும் பொடித் துண்டாக இருக்கும். அதன் புது இலை விசிறிபோல் மடிந்து மடிந்து வந்திருந்தால், வளரும்போது நீர் போதவில்லை. ஒன்று காய விட்டிருப்பார்கள், அல்லது வேர் இல்லை.

பாஃபியோபெடிலம் பெரும்பாலும் தரையில், இலைச்சருகில் வளர்வது. அதன் வேர் பழுப்பாக, மயிர்போன்ற தூவலோடு இருக்கும். அதை அழுகல் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். கலவை மற்றவற்றைவிடச் சற்று ஈரமாக இருப்பதும் அதற்குச் சரியே. சிம்பிடியமும் பொடித் துண்டுக் கலவையில் வளரும். தடித்த வெள்ளை வேர்கள் தொட்டியை நிறைத்துச் செடியை மேலே தூக்கியிருந்தால் அது ஆரோக்கியம்தான், தொட்டி மாற்றும் காலம் வந்துவிட்டது.

அழகான பீங்கான் தொட்டியோடு விற்கிறார்கள். நல்லதா?

பீங்கானுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டியைக் கட்டாயம் வெளியே தூக்கிப் பாருங்கள். பீங்கானில் பெரும்பாலும் துளை இருக்காது, வடிந்த தண்ணீர் அடியில் தேங்கி நிற்கும். அந்தத் தண்ணீரில் அடிவேர் மூழ்கியிருந்தால் மேலே எல்லாம் நன்றாகத் தெரிந்தாலும் வேண்டாம். உள்தொட்டியே இல்லாமல் நேராகப் பீங்கானில் நட்டு, மேலே கூழாங்கல்லையோ சாயப் பாசியையோ ஒட்டி மூடியிருந்தால் நான் வாங்க மாட்டேன். கலவையைப் பார்க்கவிடாத செடியைப் பற்றி முடிவு எடுக்க எதுவும் இல்லை.

இலை, பூ எதையும் பார்க்கவே வேண்டாமா?

பார்க்க வேண்டும், கலவைக்கு அடுத்தபடியாக. இலை நிமிர்ந்து கெட்டியாக இருக்க வேண்டும். நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கியோ கருத்தோ இருக்கக் கூடாது. குருத்து அழுகினால் ஃபலனாப்சிஸ் மேலே வளர வேறு வழி அநேகமாக இல்லை. கரும்பச்சை இலை எதிர்பார்த்து எடுக்க வேண்டாம், நடுத்தரப் பச்சை போதும். இலையில் வளையம் வளையமாகவோ கட்டம் கட்டமாகவோ வெளிறிய கோலம் இருந்தால் வைரஸாக இருக்கலாம், அதற்கு மருந்து இல்லை. பூவில் பாதி விரிந்தும் மீதி மொட்டாகவும் இருக்கும் செடி அதிக நாள் பூக்கும். ஃபலனாப்சிஸில் முழு நீலப் பூ என்றால் காம்பில் சாயம் ஏற்றியது, அடுத்த முறை வெள்ளையாகத்தான் பூக்கும்.

நேரில் பார்க்காமல் வாங்கும்போது என்ன செய்வது?

பூவின் படத்தை எல்லோரும் அனுப்புவார்கள். நீங்கள் மூன்று படம் கேளுங்கள்: தொட்டியின் பக்கவாட்டு, அடித்துளைகள், தண்டு கலவையைத் தொடும் இடம். எந்தக் கலவை, கடைசியாக எப்போது தொட்டி மாற்றியது என்பதையும் கேளுங்கள். அக்கறையுள்ள விற்பனையாளர் இதற்குச் சலித்துக்கொள்ள மாட்டார். வேரைக் கழுவி, கலவை இல்லாமல் அனுப்புபவர்களும் உண்டு. வேர் முழுவதும் கண்ணுக்குத் தெரிவதால் அது உண்மையில் வசதிதான்.

வாங்கி வந்ததும் தொட்டி மாற்ற வேண்டுமா?

கலவை நன்றாக இருந்தால் பூ முடியும்வரை தொடாதீர்கள். பூத்திருக்கும்போது வேரைக் கலைத்தால் மொட்டு உதிரலாம். பூ முடிந்ததும் பழைய கலவையை நீக்கி, நடுக்கட்டி இருந்தால் வேரை முறிக்காமல் பிரித்தெடுத்து, புதுக் கலவையில் வையுங்கள். நல்ல கலவையாகத் தெரிந்து வீட்டில் வந்து நாற ஆரம்பித்தால் மட்டும் பூவைப் பார்த்துக்கொண்டு காத்திருக்காமல் உடனே மாற்றிவிடுங்கள். அழுகிய வேரைத் தீயில் காட்டி ஆறவைத்த கத்தரியால் வெட்டுங்கள். ஒரு செடிக்கும் அடுத்ததற்கும் நடுவே மறுபடி தீயில் காட்டினால் வைரஸ் பரவாது. புதுப் பட்டையை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் முதல் சில வாரம் அது ஈரமே பிடிக்காது. தேங்காய் மட்டைத் துண்டில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். தோட்ட மண் ஒரு பிடிகூடச் சேர்க்க வேண்டாம்.

தொட்டியை எவ்வளவு பெரிதாக்குவது என்றும் கேட்கிறார்கள். இருக்கும் வேர் கொள்ளும் அளவு போதும். வேரை வெட்டிக் குறைத்திருந்தால் முன்பைவிடச் சிறிய தொட்டிகூடச் சரியாக இருக்கும்.

ஏற்கெனவே வீட்டில் ஆர்க்கிட் வைத்திருப்பவர்கள் புதியதை இரண்டு மூன்று வாரம் தள்ளி வைத்துப் பாருங்கள். கலவைக்குள் ஒளிந்திருக்கும் பூச்சி அதற்குள் பெரும்பாலும் வெளியே வந்துவிடும்.

பூ முடிந்த செடியைக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள். எடுக்கலாமா?

என்னைக் கேட்டால், கலவையைப் பார்க்கக் கற்றுக்கொண்டவருக்கு அதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. கவனத்தைச் சிதறடிக்கப் பூ இல்லை, உடனே தொட்டி மாற்றவும் தடையில்லை. கலவை பழையதாக இருந்தால்கூடப் பரவாயில்லை, வேரில் பாதிக்கு மேல் கெட்டியாகவும் தண்டின் அடி திடமாகவும் இருந்தால் எடுங்கள். பூவின் நிறம் தெரியாமல் இருப்பது மட்டுமே குறை. பெயர்ச்சீட்டு இல்லாவிட்டால் கடைக்காரரிடம் நிறத்தைக் கேட்டு, தொட்டி மாற்றிய தேதியையும் சேர்த்து ஒரு சீட்டில் எழுதி ஓரமாகச் செருகி வையுங்கள். இரண்டு ஆண்டு கழித்துக் கலவையை மாற்ற வேண்டிய நேரம் எது என்பதற்கும் அந்தத் தேதி உதவும்.